கன்னிமார்துறை டாணாவைத் தூக்கிய வருஷம்

எங்கள் ஊர் நல்ல ஊர் என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். முக்கூடலுக்குக் கிழக்கே, தாமிரபரணியின் வடகரையில் கன்னிமார்துறை என்று ஒரு ஊர் இருக்கிறதாம், அங்கே களவு கிடையாதாம், கொள்ளை கிடையாதாம், ஜனங்கள் காலையில் ஆற்றில் முங்கித் திருநீறு பூசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்களாம். துரைமார் இதை நம்பினார்கள். மாடு களவு போகாத மாதம் ஒன்று எங்கள் ஊரில் கழிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு நல்ல ஊர் எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். மாடு களவு போனால் எங்கள் பக்கத்தில் எவனும் டாணாவுக்குப் போகமாட்டான். போலீஸ் ஸ்டேஷனைத்தான் டாணா என்று சொல்வோம். அங்கே போய் எழுதி வைத்தால், மாடு கிடைத்தாலும் கேஸ் முடிகிறவரை டாணா வாசலிலேயே கட்டிப்போடுவார்கள். வைக்கோல் வாங்கிப்போட ஆளில்லாமல் எலும்பும் தோலுமாக வீடு திரும்பும், அல்லது திரும்பாது. அதனால் களவாணிகளை அறிந்த ஒருவன் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்தனுப்புவோம். மறுநாள் விடியும்போது மாடு ஆற்றங்கரையில் நிற்கும். அந்தப் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பேர். மாட்டைக் களவாண்டவனே துப்புச் சொன்னதற்குக் கூலி வாங்கிக்கொள்வான். நாங்களும் மானங்கெட்டுப்போய்க் கொடுப்போம்.

மிச்சப் புண்ணியம் ஏட்டையா பாக்கியசீலனுடையது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் கை நீட்டி அடிக்கமாட்டார். ஆனால் எழுதவும் மாட்டார். அழுதுகொண்டு எவன் வந்தாலும் உட்காரவைத்து, மோர் கொடுத்து, "எழுதினா நீதாம்டே கோர்ட்டு வாசல்ல காயணும். ஆண்டவர் பாத்துக்கிடுவாரு, பைய வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். அவருடைய சம்சாரம் யூனிஸம்மாள் பிள்ளைகளோடு பாளையங்கோட்டையில் இருந்தாள். குற்றமே நடக்காத டாணாவை நடத்தியவர் என்று பேர் எடுத்தால் தன்னை வீட்டுப் பக்கம் மாற்றுவார்கள் என்பது மனுஷருடைய கணக்கு. அவரும் நாலு கான்ஸ்டபிள்களும்தான் எங்கள் டாணா.

அந்த டாணாவின் பின்சுவரை ஒட்டிக் குடிசை போட்டு இருந்தவன் பூதத்தான். எங்கள் ஊர்த் தலையாரி. கிராம முன்சீப்புக்குக் கீழே ஊர்க்காவல் பார்ப்பதும், வரி கட்டாதவனைக் கூப்பிட்டு வருவதும் அவன் வேலை. அதற்காகக் கொஞ்சம் மானிய நிலம் உண்டு. முன்னே மேலத்தெரு முனையில்தான் குடியிருந்தான். கொம்பையா ஜெயிலுக்குப் போன மறுநாளே குடிசையைப் பிரித்துக்கொண்டு டாணா ஓரத்துக்கு வந்துவிட்டான்.

கொம்பையா மலையடிவாரத்துக்காரன். கருப்பட்டி வண்டிகளை மறித்து வண்டிக்காரனைத் தோளில் வெட்டியதை ஊரில் பாதிப் பேர் பார்த்தோம். வண்டிக்காரன் முக்கூடல் டாணாவில் எழுதி வைத்து அது கேஸாயிற்று. சாட்சி சொல்லப் போனவன் பூதத்தான் ஒருத்தன்தான். தலையாரி என்கிற முறையில் பார்த்ததைப் பார்த்தபடி கோர்ட்டில் சொல்லிவிட்டான். மூன்று வருஷம் கடுங்காவல் என்று ஜட்ஜி வாசித்ததும் கொம்பையா கத்தவில்லை, காறித் துப்பவில்லை. கும்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒடம்பப் பாத்துக்கிடுங்க. நான் வந்து பேசுதேன்" என்றான். இதற்கு முன்னால் ஒரு வழக்கில் அவன் இப்படி மரியாதையாகப் பேசிய ஆளை, கால்வாயில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு கையையும் முழங்கையோடு எடுத்திருந்தான். எடுத்தது அவன்தான் என்று சொல்ல அந்த ஆளுக்கே தைரியம் இல்லை.

ஆகவே பூதத்தானுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொம்பையா வெளியே வரும்போது டாணா அந்த இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஆள் இருக்க வேண்டும். ஆவணியில் விடுதலை என்று கொம்பையாவின் ஆட்கள் சந்தையில் சொல்லித் திரிந்தார்கள். அதை மிரட்டல் என்று எழுதி வைக்கச் சொல்லி ஏட்டையாவிடம் போனான் பூதத்தான். ஏட்டையா மோர் கொடுத்து அனுப்பினார்.

திருநெல்வேலி டவுனில் கலகம் நடந்ததற்கு மறுவருஷம் அது. கலகத்தில் சர்க்கார் கச்சேரிகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து துரைமாருக்குத் தூக்கம் இல்லை. டவுனில் ஆபீசுக்கு ஆபீஸ், பங்களாவுக்குப் பங்களா போலீஸ் நிற்க வேண்டும். அத்தனை போலீசுக்கு எங்கே போவது? புது ஆளை எடுத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆற்றோரத்து டாணாக்களில் எங்கெங்கே குற்றம் குறைச்சலோ அங்கெங்கே ஆளைப் பிடுங்கி டவுனில் நடுவது என்று மேலே இருந்து உத்தரவாயிற்று. குற்றம் எவ்வளவு நடந்தது என்று யாரும் வந்து பார்க்கவில்லை. எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள். எங்கள் டாணாவில் எழுதியே இருக்கவில்லை.

ஏட்டையா அதைப் பூதத்தானிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். பாவம், அவருக்கு அது சந்தோஷம்தானே.

"பூதத்தான், நம்ம டாணாவ எடுக்காவ. ஆனிக்குள்ள நாங்க எல்லாரும் டவுனுக்கு. எனக்குப் பாளையங்கோட்டையிலயே போட்டிருக்கு."

"அப்போ இங்கன யாரு இருப்பா ஏட்டையா?"

"இங்கன என்னடே இருக்கு? நல்ல ஊருன்னு சூப்பரண்டு துரையே எழுதியிருக்காரு."

"கொம்பையா ஆவணியில வாரான்."

"மூணு வருஷம் செக்கு இழுத்தவன் திருந்தியிருப்பான். நான் உனக்காக ஜெபம் பண்ணுதேன்" என்றார். பண்ணவும் செய்தார். நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

பூதத்தான் அங்கிருந்து நேரே முன்சீப்பு சிவசண்முகம் பிள்ளை வீட்டுக்கு ஓடினான். ஊரில் பெரிய நிலக்காரர் அவர்தான். டாணாவை எடுக்க வேண்டாம் என்று ஊரார் சேர்ந்து ஒரு மனு போட்டால் துரை யோசிப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிள்ளைவாள் ஊஞ்சலை நிறுத்தவே இல்லை.

"ஏலே, கூறு கெட்ட பயலே. நாலு டாணாக்காரனுக்கும் கோழி ஆரு குடுக்கா? வாழைக்கா ஆரு குடுக்கா? வெறகு ஆரு குடுக்கா? சனியன் தொலையுதேன்னு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்கேன். நீ மனு போடணும்ங்க."

"எசமான், என் உசுரு போயிரும்."

"ஒன் ஒருத்தன் உசுருக்கு ஊரு பூராவும் கோழி குடுக்கணுமாக்கும்? சாட்சி சொல்லப் போன்னு ஒன்ன எவன்லே சொன்னான்?"

இதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோழியும் மிஞ்சும் அல்லவா?

அவன் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு அவனைவிடப் புத்தி உண்டு. "இந்தாரும், கண்டிச்சீமைக்குப் போயிருவோம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி சேரமாதேவியில வந்திருக்கானாம். இந்த நாசமாப் போன ஊருல நமக்கு என்ன வச்சிருக்கு?" என்று அழுதாள்.

"மானியம் இருக்குல்லா" என்றான் பூதத்தான். "எங்க தாத்தன் காலத்து மானியம். விட்டுட்டுப் போனா மறுநாளே வேற ஆளப் போட்டுருவாவ."

"கை போன பெறவு மானியத்த எதால உழுவீரு?"

ஆனாலும் போகவில்லை. மண்ணைப் பிடித்துத் தொங்குகிற கிறுக்கு எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு, அவனுக்கும் இருந்தது. இன்ஸ்பெக்டர் முக்கூடலில் முகாம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய்க் காலில் விழுந்தான். இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இளநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"சாட்சி சொன்னவனுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு போலீஸ் கொடுத்தால் சர்க்கார் என்னத்துக்கு ஆகும்? ஜில்லாவில் எத்தனை பயல் சாட்சி சொல்கிறான், தெரியுமா உனக்கு?"

"எனக்கு மட்டும் வேண்டாம் சாமி. டாணா இருந்தாப் போதும்."

"உங்கள் ஊரில் குற்றமே இல்லையே. குற்றம் நடக்கிற இடத்துக்குத்தான் ஆள். நாளைக்கு நடந்தால் நாளைக்கு ஆள் வரும்."

"நடந்த பெறவு வந்து என்ன செய்ய சாமி?"

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. தலையாரி கேட்கிற கேள்வியா இது? வெளியே பிடித்துத் தள்ளச் சொன்னார்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பூதத்தான் பிடித்துக்கொண்டான். குற்றம் நடந்தால் ஆள் வரும். நடக்கிற குற்றம் எழுத்தில் ஏறாமல் போகிறது, அதுதானே வினை? எழுதியே ஆகவேண்டிய ஆள் வீட்டில் ஒரு களவு நடந்தால்? ஊரில் நடந்த குற்றத்தை டாணாவுக்கு எழுதி அனுப்ப வேண்டியது கிராம முன்சீப்பின் கடமை. அவர் வீட்டு மாடே போனால் எழுதாமல் எங்கே போவார்? கார் சாகுபடிக்கு உழவு தொடங்கும் நேரம் வேறு, காளை இல்லாமல் ஆகாது.

மத்தியானம் மாட்டுக்காரன் ஆலமரத்தடியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பிள்ளைவாளுடைய மயிலைக் காளை ரெண்டையும் பூதத்தான் ஆற்றைக் கடத்தித் தென்கரை உடங்காட்டு முள்மரங்களுக்குள் கொண்டுபோய்க் கட்டினான். வாழ்நாளில் ஒரு தேங்காய் திருடியவன் அல்ல. தண்ணீர் காட்டி, புல் அறுத்துப் போட்டு, ரெண்டையும் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தானாம். பின்னால் அவனே சொன்னான்.

சாயங்காலம் பிள்ளைவாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. டாணாவுக்குக் கொண்டுபோகிற காகிதத்தை வாங்கப் போகிறோம் என்று நினைத்துப் பூதத்தான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனான். பிள்ளைவாள் அவனை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், துண்டில் முடிந்த பணத்தை அவன் கையில் திணித்தார்.

"ஏலே, காதும் காதும் வச்சாப்ல முடிக்கணும். ஒனக்குத்தான் அந்தக் களவாணிப் பயலுவளத் தெரியுமே. துப்புக்கூலியக் குடுத்துட்டு மாட்டப் பத்திட்டு வா."

"எசமான், டாணாவுல எழுதி வச்சிருவோம். ஏட்டையாட்ட நான் சொல்லுதேன்."

"எழுதவா? முன்சீப்பு வீட்டுலயே களவுன்னு ஊரு சிரிக்கணுமா? என் காளை டாணா வாசல்ல கெடந்து சாகணுமா? போலே, மூதி!"

ஏ அப்பா, என்ன வேடிக்கை பாருங்கள்! களவாண்டவன் கையிலேயே துப்புக்கூலி. மாட்டைப் பத்திக்கொண்டு வந்தால் களவு நடந்த சுவடே இல்லாமல் போகும். பத்திவராவிட்டால் பிள்ளைவாள் வேறு வழியில்லாமல் எழுதுவார் என்று பூதத்தான் நினைத்தான். போய்விட்டு வந்து, "அவனுவ சம்மதிக்கல எசமான்" என்றான். பிள்ளைவாள் பணத்தைக் கூட்டினார். மறுபடியும் சம்மதிக்கவில்லை என்றான். பிள்ளைவாள் மறுபடியும் கூட்டினார். எழுதமாட்டேன் என்று அந்த மனுஷர் நின்ற நிலையைப் பார்த்தால், காளைக்குப் பதிலாகப் பெண்டாட்டியைக் கொண்டுபோயிருந்தாலும் துப்புக்கூலிதான் கொடுத்திருப்பார் போல் இருந்தது.

பூதத்தான் ஏட்டையாவிடம் போய், "முன்சீப்பு எசமான் மாடு களவு போயிட்டு, நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்று கெஞ்சினான். ஏட்டையா அப்போது டாணாப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "மாட்டுக்குச் சொந்தக்காரரு வந்து சொல்லட்டும்டே" என்றார். அவர் வரமாட்டார் என்பது ஏட்டையாவுக்குத் தெரியாதா?

டாணாவை மூடுவதற்கு இன்ஸ்பெக்டரே குதிரையில் வந்தார். டாணா முன்னால் வாழை கட்டி, மேளம் வைத்து, பிள்ளைவாள் சந்தன மாலை போட்டார். நாங்கள் எல்லாரும் குளித்து முழுகிப் போய் நின்றோம். "ஜில்லாவில் இப்படி ஒரு சாதுவான ஊரை நான் பார்த்ததில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். பிள்ளைவாள் நெளிந்துகொண்டு, "எல்லாம் ஐயாமாருடைய ஆசீர்வாதம்" என்றார். ஏட்டையா முகம் மலர்ந்துபோய் நின்றார்.

அப்போதுதான் பூதத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"சாமி, குத்தம் நடந்தா ஆள் வரும்னு சொன்னீய. நடந்துட்டு. முன்சீப்பு எசமான் காளை ரெண்டும் களவு போயிட்டு."

மேளம் நின்றது. இன்ஸ்பெக்டர் பிள்ளைவாளைப் பார்த்தார். பிள்ளைவாள் கூசாமல் சொன்னார்: "களவா? நல்ல கதை! என் காளை முக்கூடல்ல சம்பந்தி வீட்டுல நிக்கி. இவனுக்குக் கொஞ்ச நாளா மூளை சரியில்ல சாமி."

எங்களைப் பார்த்துப் பூதத்தான் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க சொல்லுங்கய்யா. காளை போனது ஒங்களுக்குத் தெரியும்லா?" எங்களுக்குத் தெரியும். மாட்டுக்காரனுக்கு விழுந்த அடி ஊர் முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை. சவங்கள், நின்ற இடத்தில் நின்றோம்.

"சரி" என்றான் பூதத்தான். மடியிலிருந்து பிள்ளைவாளின் துண்டை, முடிச்சு அவிழ்க்காமல், எடுத்துத் தரையில் வைத்தான். "இது அவுக குடுத்த துப்புக்கூலி. காளை தென்கரை உடங்காட்டுல கட்டிக் கெடக்கு. களவாண்டது நாந்தான். எழுதுங்க சாமி. கன்னிமார்துறையில குத்தம் நடக்குதுன்னு எழுதுங்க. எழுதிட்டு டாணாவ மட்டும் எடுக்காதீய."

பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி வந்தாள். "ஏ பாவி மனுசா, என்ன காரியம் பண்ணுனீரு!" என்று அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் கான்ஸ்டபிள்கள் ஆற்றைக் கடந்து காளைகளைப் பத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைவாள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஊர் முன்னால் பொய்யனாகி நின்ற ஆத்திரம் முழுவதும் பூதத்தான் மேல் திரும்பியது. "ஆமா சாமி, இந்தத் திருட்டுப் பயதான்! காவல்காரனே களவாண்டுட்டு, துப்புக்கூலின்னு பணத்தையும் பறிச்சிட்டான்! இவன விடப்பிடாது!" என்று குதித்தார். அந்த நிமிஷமே எழுதிக் கொடுக்கவும் தயாரானார். எழுதவே மாட்டேன் என்றிருந்த மனுஷர் வரிந்து வரிந்து எழுதினார்.

இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். களவு, களவு போன பொருள், களவாணி, வாக்குமூலம், எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஏட்டையா தன் மணிமணியான கையெழுத்தில் கேஸைப் பதிவு செய்தார். கன்னிமார்துறை டாணாவில் அவர் எழுதிய முதல் கேஸ் அதுதான்.

"அப்போ டாணா இருக்கும்லா சாமி?" என்று விலங்கு மாட்டிய கையோடு கேட்டான் பூதத்தான்.

"எதற்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். "இருந்த ஒரு திருடனையும் பிடித்தாயிற்றே."

அதற்கு எங்களில் சிலர் சிரித்தார்கள். அன்றைக்கே டாணாவைப் பூட்டினார்கள்.

கோர்ட்டில் பூதத்தான் எதையும் மறுக்கவில்லை. ஆறு மாசம் கடுங்காவல் என்று மாஜிஸ்திரேட் சொன்னதும்தான் அவனுக்கு உறைத்தது. ஆறு மாசத்தை எங்கே கழிப்பது? ஜில்லா ஜெயிலில். கொம்பையா எங்கே இருக்கிறான்? அதே ஜெயிலில். டாணாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவன் இதை நினைக்கவில்லை. கூண்டைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டான்.

"சாமி, வேற எந்த ஜெயிலுக்காவது அனுப்புங்க. அந்தமானுக்குக்கூட அனுப்புங்க. அங்கன கொம்பையா இருக்கான். என்னக் கொன்னுருவான்."

"ஜெயிலைவிடக் காவலான இடம் எங்கே இருக்கிறது?" என்று மாஜிஸ்திரேட் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். ஆனாலும் நியாயஸ்தர், ஏட்டையாவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இவனுக்கு அப்படி ஒரு மிரட்டல் இருந்ததா? உங்களிடம் முறையிட்டிருக்கிறானா?"

ஏட்டையா கணக்குப் பார்த்தார். மிரட்டல் இருந்தது என்று சொன்னால், ஏன் எழுதவில்லை என்பது அடுத்த கேள்வி. பாளையங்கோட்டைக்கு உத்தரவு கையில் இருக்கிறது. யூனிஸம்மாள் புது வீடு பார்த்துப் பால் காய்ச்சியாயிற்று.

"எங்க டாணாவில அப்படி எழுத்து எதுவும் இல்லீங்க" என்றார். அது சத்தியமும்தான்.

ஜெயிலுக்குக் கொண்டுபோக ரெண்டு கான்ஸ்டபிள்களைப் போட்டார்கள். எங்கள் டாணாவில் இருந்த அதே ஆட்கள். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன், தோளில் துப்பாக்கி. இத்தனை நாளும் ஒரே ஒரு ஆளைக் கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்தவனுக்கு ரெண்டு ஆள் கொடுத்தது சர்க்கார். பேச்சித்தாய் செருப்பில்லாமல் பின்னாலேயே நடந்தாள். மருதமரத்து நிழலில் கான்ஸ்டபிள்கள் உட்கார்ந்தபோது, "ஐயா, ஒங்க உப்ப நாங்க திங்கல, எங்க கோழிய நீங்க தின்னிருக்கீய. அவர விட்டுருங்க, ஓடிப் போயிருதோம்" என்று காலைப் பிடித்தாள். அவர்களில் வயதானவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டு எழுந்து நடந்தான்.

ஜெயில் வாசலில் ஒரு கைதியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரெண்டு பேரும் போய்விட்டார்கள். உள் வாசலில் வார்டர் யாரையும் காணோம். ஜெயில் வார்டர்களிலும் பாதிப் பேரை டவுன் காவலுக்கு இழுத்திருந்தார்கள். ஆள் பற்றாத குறைக்கு, ஒழுங்காக நடக்கிற பழைய கைதிகளுக்கே கறுப்புக் குல்லாவும் இடுப்பில் வாரும் கொடுத்து, கைதி வார்டர் என்று பேர் வைத்து, மற்றக் கைதிகளைக் காவல் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

ஜெயிலர் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். கறுப்புக் குல்லா போட்ட ஒருத்தன் வந்து விறைப்பாகச் சலாம் வைத்தான். மூன்று வருஷமாக ஒரு குற்றம் கிடையாது, ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது, அந்த ஜெயிலிலேயே நல்ல பேர் எடுத்த கைதி.

"கொம்பையா, இவன் புதுசு. உன் கொட்டடியில் வை. செக்கில் போடு" என்றார் ஜெயிலர்.

"உத்தரவு சாமி" என்றான் கொம்பையா. பூதத்தானைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம்தான். ஆவணி வரை காத்திருக்கத் தயாராக இருந்தவன் அல்லவா. பைய அவன் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, வாங்க" என்றான்.

கம்பிக்கு வெளியே நின்ற பேச்சித்தாய்தான் அலறினாள். "ஐயோ, அவந்தான்! சாமி, அவந்தான் கொம்பையா! அவன்ட்டயா குடுக்கீய? ஏ சாமி!" ஜெயிலர் காதில் அது விழுந்ததோ என்னவோ. பூதத்தான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கதவை மூடினார்கள். வாசல் பாராக்காரன் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் விட்டுவிட்டு, "ஏம்மா அழுதே? உள்ள ராத்திரி பகலா ஒரு ஆள் அவங்கூடவே இருப்பான்" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

அவள் ரோட்டில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரி அந்தக் கதவின் மேல் தூற்றினாள். "நீங்க எல்லாரும் புழுத்துச் சாவீய" என்றாள். ஜெயிலைச் சொன்னாளோ எங்கள் ஊரைச் சொன்னாளோ தெரியாது. எங்களைச் சொல்லியிருந்தாலும் தகும்.

ஆடி பிறக்குமுன் அவளுக்கு ஆள் வந்தது, பிரேதத்தை வாங்கிக்கொள்ளும்படி. செக்கடியில் எண்ணெய் வழுக்கி விழுந்து இறந்துபோனான், கூட இருந்த கைதி வார்டர் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை என்று எழுதியிருந்தது. கொம்பையா ஆவணியில் வெளியே வந்தான். பேச்சித்தாய் முறையிடுவதற்கு ஊரில் டாணா இல்லை. பாளையங்கோட்டை வரை நடந்துபோய் ஏட்டையாவிடம் சொன்னாள். அவர் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.